ஆடிட் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்: சேரும் முன்பிருந்து கடைசி நாள் வரை

ஆடிட் நிறுவனத்தில் இன்டர்னாக இருந்திருக்கிறேன். பிறகு இன்டர்ன்களாக வந்த பல மாணவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, அவர்கள் செய்ததைச் சரிபார்த்தும் இருக்கிறேன். படிப்பில் கெட்டியானவர்களும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் காரணம், முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது. அதனால் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது ஆடிட் பிரிவை மனதில் வைத்து எழுதியது. வரி அல்லது ஆலோசனைப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கும் 2, 4, 8 ஆகிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. சேரும் முன்: பங்குகளைப் பட்டியலிடுங்கள்

சேர்க்கைக் கடிதம் வந்ததும் எல்லோரும் சான்றிதழ் நகல்களைத் தேடுவார்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. உங்கள் பெயரிலும், உங்கள் கணவர் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்திருப்பவர்கள் பெயரிலும் உள்ள பங்குகளையும் மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஆடிட் செய்பவர்களுக்கான சர்வதேச நெறிமுறைப்படி, ஒரு கிளையண்டை ஆடிட் செய்யும் குழுவில் இருப்பவர் அந்த நிறுவனத்தின் பங்கை நேரடியாக வைத்திருக்கக் கூடாது. தொகை சிறியதா பெரியதா என்பது பேச்சே இல்லை; ஒரே ஒரு பங்கு என்றாலும் கூடாது. பல நிறுவனங்களின் உள்விதிகள் இதைவிடக் கடுமையானவை. மாணவர்களில் பலர் மொபைல் செயலியில் எப்போதோ வாங்கிய இரண்டு மூன்று பங்குகளை மறந்தே போயிருப்பார்கள். சேர்ந்த அன்று சுதந்திரத்தன்மைக்கான, அதாவது ஆடிட் செய்யும் நிறுவனங்களோடு பணத் தொடர்பு இல்லை என்பதற்கான, உறுதிமொழிப் படிவத்தை நீட்டும்போது, யோசிக்காமல் ‘எதுவும் இல்லை’ என்று டிக் செய்துவிடுவார்கள். பிறகு அது தெரியவந்தால், செய்து முடித்த வேலையையே கேள்வி கேட்கும் நிலை வரும். முன்னாலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் விற்கச் சொல்வார்கள், அல்லது வேறு கிளையண்டுக்கு மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான்.

2. எக்செல்: ஃபார்முலாவுக்கு முன் டேட்டாவைச் சுத்தம் செய்யப் பழகுங்கள்

இன்டர்னின் பெரும்பகுதி நேரம் எக்செலில்தான் போகும். மாணவர்கள் ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். கிளையண்ட் தரும் கோப்போ பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் வராது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் கீழே சொல்வதை இதே வரிசையில் பாருங்கள்.

முதலில், வந்த கோப்பை அப்படியே தனியாகச் சேமித்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். ‘இந்த எண் கிளையண்ட் கொடுத்ததா, நீங்கள் மாற்றியதா’ என்று பின்னால் கேட்டால், அசல் கோப்பு இருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

அடுத்து, எண்கள் உண்மையில் எண்களா என்று பாருங்கள். கணக்கு மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பில் கழித்தல் குறி எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது. கூட்டல் தப்பாக வரும், ஆனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அப்புறம் தேதிகள். நாள் முதலில் வரும் கோப்பை, மாதம் முதலில் வரும்படி அமைத்த கணினியில் திறந்தால், 3-4 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்ற குழப்பம் வரும். நாள் 12-ஐத் தாண்டிய தேதிகள் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இந்தக் கோளாறுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீளமான எண்களிலும் கவனம் வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். அதற்குப் பின் உள்ளவை பூஜ்யமாகிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் திறந்தால் கடைசி இலக்கம் போய்விடும், கோப்பைச் சேமித்தபின் திரும்பக் கிடைக்காது. முன்னால் பூஜ்யம் உள்ள குறியீடுகளுக்கும் இதே கதி. இந்த நெடுவரிசைகளைத் திறக்கும்போதே எழுத்து வடிவில் இறக்குமதி செய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஃபார்முலா. வி-லுக்அப் என்பது ஒரு குறியீட்டை வேறு பட்டியலில் தேடி, அந்த வரியில் உள்ள தொகையைக் கொண்டுவரும் ஃபார்முலா. அதை எழுதும்போது நான்காவது இடத்தையே எழுதாமல் விட்டால், அது தோராயமான பொருத்தத்தைத் தேடி வேறு வரியின் தொகையைக் கொண்டுவந்து வைக்கக்கூடும். துல்லியமான பொருத்தம் வேண்டும் என்பதை அங்கே குறிப்பிட வேண்டும். இதன் புதிய வடிவமான எக்ஸ்-லுக்அப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரே குறியீடு இரண்டு தடவை இருந்தால், வழக்கமான அமைப்பில் இரண்டுமே முதல் வரியை மட்டும்தான் கொடுக்கும். ஆகவே லுக்அப்புக்கு முன் இரட்டைப் பதிவுகள் உண்டா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

3. முதல் சில நாட்கள்

குழுவில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு நேர் மேலே சீனியர், அவருக்கு மேல் மேனேஜர், அறிக்கையில் கையெழுத்திடுவது பார்ட்னர். சந்தேகம் வந்தால் சீனியரிடம்தான் முதலில் போக வேண்டும். அவரைத் தாண்டி மேனேஜரிடம் போனால் சீனியர் வருத்தப்படுவார் என்பது ஒருபுறம். அந்த வேலையின் முழுப் பின்னணியும் சீனியரிடம்தான் இருக்கிறது என்பதே முக்கியமான காரணம்.

போன வருட ஆடிட் கோப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால் உங்களுக்குத் தரப்போகும் பகுதியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். கிளையண்ட் என்ன தொழில் செய்கிறார், பணம் எங்கிருந்து வருகிறது, போன வருடம் என்ன பிரச்சினை வந்தது என்பது அதில் இருக்கும்.

ரகசியம் காப்பது முதல் நாளிலிருந்தே பழக வேண்டிய ஒன்று. இருக்கையை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டுங்கள். லிஃப்டிலும் உணவகத்திலும் கிளையண்ட் பெயரைச் சொல்லாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாம் என்று சொந்த மின்னஞ்சலுக்குக் கோப்பை அனுப்பாதீர்கள். நிறுவனம் அனுமதிக்காத செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் கிளையண்டின் டேட்டாவை ஒட்டுவதும் அதே தவறுதான். ஆர்வக் கோளாறில் இதைச் செய்துவிட்டு, நல்ல வேலை செய்ததாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வெளியே போன டேட்டாவைத் திரும்ப வாங்க வழியில்லை.

4. வேலையை வாங்கிக்கொள்ளும் விதம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சீனியர் அவசரமாக வந்து, ‘இந்தச் செலவுக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவார். இன்டர்ன் தலையாட்டுவார். ஒரு நாள் முழுக்க உழைத்துக் கொண்டுபோய்க் காட்டினால், சீனியர் கேட்டது வேறாக இருக்கும். தலையாட்டும் முன் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும்.

இந்த வேலை எதைக் கண்டுபிடிப்பதற்காக? டேட்டா எங்கிருந்து எடுக்க வேண்டும், எந்தத் தேதி வரைக்கும்? முடிவு எந்த வடிவில் வேண்டும், போன வருட மாதிரி இருக்கிறதா? எப்போது வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும் என்று எதிர்பார்க்கிறார்?

முதல் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை, மற்றவற்றைவிட அதுவே முக்கியம். நோக்கம் தெரிந்தால், வழியில் எதிர்பாராத ஒன்றைப் பார்க்கும்போது அது பெரிய விஷயமா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் டிக் போட்டுக்கொண்டே போவீர்கள்.

கேட்டதை நோட்டில் எழுதி, சீனியரிடம் உங்கள் சொற்களில் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். ‘சரி அக்கா, பழுதுபார்ப்புச் செலவில் பெரிய தொகைகளை எடுத்து, பில்லோடு ஒப்பிட்டு, சொத்தாகக் காட்ட வேண்டியது ஏதாவது செலவில் போயிருக்கிறதா என்று பார்க்கிறேன். நாளை மதியத்துக்குள் தருகிறேன்’ என்று சொன்னால், தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

பிறகு முதல் இரண்டு மூன்று வரிகளை மட்டும் முடித்துவிட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘இந்த முறையில் மிச்சத்தையும் செய்யட்டுமா’ என்று கேளுங்கள். சின்ன விஷயத்துக்குத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். நூறு வரிகளைத் திரும்பச் செய்ய வைப்பதைவிட மூன்று வரிகளைப் பார்ப்பது சீனியருக்கும் லேசு.

நடுவில் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் நீங்களே முயன்று பாருங்கள், அதற்குப் பிறகு கேளுங்கள். போகும்போது என்ன முயன்றீர்கள், எங்கே நின்றுவிட்டது என்று சொல்லத் தயாராகப் போங்கள். கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கேட்பது நல்லது. ஆனால் அதில் ஒன்று முழு வேலையையும் நிறுத்துகிறது என்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

5. வேலையைச் செய்யும் வரிசை: ஒரு வவுச்சிங்கை எடுத்துக்கொள்வோம்

இன்டர்னுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் வவுச்சிங், அதாவது கணக்கில் பதிவான தொகைகளை பில்லோடு ஒப்பிடுவது. மேலே சொன்ன பழுதுபார்ப்புச் செலவையே வைத்துக்கொள்வோம்.

முதல் படி, லெட்ஜரின் (அந்தக் கணக்கின் பதிவுகள் ஒவ்வொன்றாக இருக்கும் பட்டியல்) மொத்தம் டிரையல் பேலன்ஸில் (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் பட்டியல்) உள்ள தொகையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். மொத்தம் பொருந்தாவிட்டால் உங்களிடம் இருப்பது முழுமையில்லாத பட்டியல். அதிலிருந்து சோதிக்க எடுக்கும் எந்த மாதிரிக்கும் அர்த்தம் இல்லை. ஃபில்டர் போட்ட நிலையில் சாதாரணக் கூட்டல் ஃபார்முலா மறைந்த வரிகளையும் சேர்த்தே கூட்டும், சப்டோட்டல் கண்ணில் படும் வரிகளை மட்டும் கூட்டும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். பட்டியலை எந்த மென்பொருளிலிருந்து, எந்தத் தேதியில், என்ன ஃபில்டர்களோடு எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மாதிரிகளை, அதாவது சோதிக்கப்போகும் பதிவுகளை, தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி, எத்தனை என்பதைச் சீனியர் சொல்வார். எடுத்த விதத்தை எழுதி வையுங்கள்.

பிறகு பில். தொகை ஒத்துப்போகிறது என்றதும் டிக் போட்டுவிட்டு நகரக் கூடாது. பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அதே குழுமத்தின் வேறொரு நிறுவனத்தின் பில் இங்கே பதிவாகியிருக்கலாம். எந்தக் காலத்துக்கான வேலை என்று பாருங்கள். கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது என்றால், ஜனவரி 10 தேதியிட்ட பில் டிசம்பரில் நடந்த வேலைக்காக இருக்கலாம், அப்போது அது முந்தைய ஆண்டின் செலவு. பில் தேதியை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. என்ன வேலை நடந்தது என்று விவரத்தை வாசியுங்கள். பழைய இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றியது செலவு. புதிய மோட்டார் பொருத்தி அதன் ஆயுளைக் கூட்டியிருந்தால் அது சொத்தாகக் காட்ட வேண்டியதாக இருக்கலாம். யார் ஒப்புதல் கொடுத்தார், வரித்தொகை சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்தத் திசையில் சோதிக்கிறோம் என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். லெட்ஜரிலிருந்து பில்லுக்குப் போனால், பதிவானது உண்மையிலேயே நடந்ததா என்று தெரியும். நடந்தது ஏதாவது பதிவாகாமல் விட்டுப்போயிற்றா என்று தெரிய வேண்டுமானால், பில்லிலிருந்து லெட்ஜருக்கு வர வேண்டும். லெட்ஜரிலேயே இல்லாததை லெட்ஜரிலிருந்து தேர்ந்தெடுக்க முடியாதே.

கடைசியாக, தேர்ந்தெடுத்த மாதிரிகளில் பில் கிடைக்காத ஒன்று வரும். ‘அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்களேன்’ என்று கிளையண்ட் தரப்பில் அன்பாகச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். சர்வதேச தணிக்கைத் தரநிலை 530-இன்படி, தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு உரிய சோதனையையோ பொருத்தமான மாற்றுச் சோதனையையோ செய்ய முடியாவிட்டால், அதைப் பிழையாகவே கருத வேண்டும். முறைப்படி ரத்து செய்த காசோலைபோல, சோதனையே பொருந்தாத இனத்துக்குத்தான் மாற்று எடுக்கலாம். பில் இல்லாத அந்த ஒன்றில்தான் விஷயம் இருக்கக்கூடும். அதை அப்படியே எழுதி சீனியரிடம் கொண்டுபோங்கள்.

6. வொர்க்கிங் பேப்பர் எழுதுவது

வொர்க்கிங் பேப்பர் என்பது செய்த சோதனையையும் அதன் முடிவையும் பதிவுசெய்யும் தாள். செய்த வேலை, எழுதி வைத்தால்தான் செய்ததாகும். சர்வதேச தணிக்கைத் தரநிலை 230 வைக்கும் அளவுகோல் எளிமையானது. இந்த ஆடிட்டோடு முன்தொடர்பே இல்லாத அனுபவமுள்ள ஆடிட்டர் ஒருவர், உங்கள் தாளைப் படித்தே என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள், என்ன கிடைத்தது, என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்க மாட்டீர்கள்.

தாளின் மேலே நோக்கம், டேட்டா வந்த இடம், மாதிரி எடுத்த விதம் ஆகியவற்றை எழுதுங்கள். நடுவில் சோதனை. பில் எண், தேதி, தொகை எல்லாம் இருக்க வேண்டும், வெறும் டிக் போதாது. ஒவ்வொரு குறியும் எதைக் குறிக்கிறது என்று அதே தாளில் சொல்லுங்கள். முடிவில் உங்கள் முடிவுரை. செய்தவர் பெயரும் தேதியும் கட்டாயம்.

முடிவுரையில் போன வருட வாசகத்தை அப்படியே ஒட்டுவது ரொம்பப் பரவலான தவறு. இந்த வருடம் இரண்டு விலகல்கள் கிடைத்திருக்கும். கீழே ‘விலகல் எதுவும் இல்லை’ என்றே இருக்கும். பழைய தாளை மாதிரியாக எடுத்தால் ஆண்டு, தேதி, தொகை, முடிவுரை என ஒவ்வொன்றையும் வாசித்து மாற்றுங்கள்.

‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்று தள்ளவும் வேண்டாம். அறிக்கை தேதியிலிருந்து பொதுவாக 60 நாட்களுக்குள் கோப்பை இறுதியாக்க வேண்டும் என்கிறது அதே தரநிலை. அந்தக் காலம் தாள்களை ஒழுங்குபடுத்தத்தான், விட்டுப்போன சோதனையைப் புதிதாகச் செய்வதற்கு இல்லை. அதற்குள் நீங்கள் கல்லூரிக்கே திரும்பியிருக்கவும் கூடும்.

7. கிளையண்டிடம் கேட்கும்போது

வேண்டிய ஆவணங்களை ஒரே பட்டியலாக்கி, சீனியரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். காலையிலிருந்து ஐந்து தடவை போய் ஒவ்வொரு பில்லாகக் கேட்டால், மாதக் கடைசி வேலையில் மூழ்கியிருக்கும் கணக்காளர் ஆறாவது தடவை உங்களைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார். எது வந்தது, எது வரவில்லை, எப்போது கேட்டோம் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். கொடுத்துவிட்டதையே திரும்பக் கேட்பதுபோல அவர்களை எரிச்சலூட்டுவது வேறில்லை.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அவர் முகத்துக்கு நேராக ‘இது தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘இந்தப் பதிவு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லுங்கள் சார்’ என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு சீனியரிடம் வாருங்கள். வாய்மொழி விளக்கம் மட்டும் ஆதாரம் ஆகாது. விளக்கத்தை நிரூபிக்கும் தாளையும் கேளுங்கள். எந்தத் தொகைக்கு மேல் பார்க்கிறோம் என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

வங்கிக்கோ கிளையண்டுக்குப் பணம் தர வேண்டியவர்களுக்கோ, இருப்புத் தொகையை உறுதிசெய்யக் கேட்கும் கடிதம் அனுப்பும் வேலை வந்தால் இன்னொரு எச்சரிக்கை. அனுப்புவது ஆடிட்டராக இருக்க வேண்டும், பதிலும் நேராக ஆடிட்டருக்கே வர வேண்டும். ‘நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று கிளையண்ட் சொன்னால் மரியாதையாக மறுத்துவிட்டு சீனியரிடம் தெரிவியுங்கள். இடையில் கைமாறிய பதிலை நம்ப முடியாது என்பதுதான் காரணம்.

8. ரிவ்யூ நோட் வந்தால்

உங்கள் தாளில் சீனியர் எழுதும் கேள்விகள்தான் ரிவ்யூ நோட். முதல் தடவை பத்துப் பதினைந்து வந்தால் மனசு சோர்ந்துவிடும். எல்லோருக்கும் வருவதுதான், நல்ல இன்டர்ன்களுக்கும் வரும். சீனியரின் தாளில் மேனேஜரும் எழுதுவார்.

எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிட்டு, மற்ற நோட்களின் பதிலை மாற்றக்கூடியதை முதலில் எடுங்கள். மொத்தம் பொருந்தவில்லை என்ற நோட்டை விட்டுவிட்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். பதிலில் ‘செய்துவிட்டேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தாளில், எந்த வரியில், என்ன மாற்றினீர்கள் என்று எழுதினால் அவர் தேட வேண்டியதில்லை. ஒரு இடத்தில் சுட்டிய தவறு உங்கள் மற்ற தாள்களிலும் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில், அடுத்த வேலையை யாரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று சீனியர்கள் தீர்மானிப்பது இதை வைத்துத்தான்.

நோட்டில் சொன்னது தவறு என்று தோன்றினால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். ஏற்றுக்கொள்வார்கள்.

9. டைம்ஷீட்

எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதும் படிவம் இது. தினமும் வேலை முடிந்ததும் நிரப்புங்கள். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் கற்பனையாகிவிடும். எட்டு மணி நேரம் ஆன வேலைக்கு, மெதுவாகச் செய்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஐந்து என்று போடாதீர்கள். அடுத்த வருட பட்ஜெட்டை அந்த ஐந்தை வைத்துத்தான் போடுவார்கள், அப்போது வரும் இன்டர்ன் திண்டாடுவார்.

10. கடைசி வாரம்

முடிந்தது, முடியாதது, யாருக்காகக் காத்திருப்பது என்று ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதி சீனியரோடு உட்கார்ந்து பாருங்கள். கடைசி நாள் மாலையில் யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு நாள் முன்னதாகவே செய்யுங்கள்.

கருத்துக் கேட்கும்போது ‘நான் எப்படிச் செய்தேன்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்ற பதில்தான் வரும். ‘என் தாள்களில் எதைத் திருத்த உங்களுக்கு அதிக நேரம் பிடித்தது’ என்று கேட்டுப் பாருங்கள், உருப்படியான பதில் கிடைக்கும்.

பயோடேட்டாவில் கிளையண்ட் பெயர் வேண்டாம். ‘உற்பத்தித் துறை நிறுவனம் ஒன்றில் செலவினங்களையும் வங்கி இருப்பையும் சோதித்தேன்’ என்று எழுதினாலே போதும். நேர்காணலில் தோண்டிக் கேட்டாலும் பெயரைச் சொல்லாதீர்கள். கேட்பவரும் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

செய்த தாள்களை மாதிரிக்காகப் பென்டிரைவில் எடுத்துப்போகும் எண்ணம் வேண்டவே வேண்டாம், அவை நிறுவனத்துக்குச் சொந்தமானவை. மடிக்கணினி, அடையாள அட்டை, கிளையண்ட் அலுவலகச் சாவி ஏதும் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒப்படைத்து எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மொபைலில் இருக்கும் அலுவலக மின்னஞ்சலை நீக்குங்கள். கேமராவில் எப்போதாவது பில்லைப் படம் எடுத்திருந்தால் அதைச் சீனியரிடம் சொல்லி, கோப்பில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டு, கேலரியிலும் தானாகச் சேமித்த நகலிலும் அழித்துவிடுங்கள்.